கொழும்பில் எயார்பிரஷுக்குக் கட்டுப்படியாகும் மொடல் பெயின்ற்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

அரைவாசிக்_கிட்

கையில் இருப்பது 1/72 அளவுப் பிளாஸ்ரிக் கிட், ஹரிக்கேன் மார்க் 2பி போர் விமானம். 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பு ரேஸ்கோர்ஸ் ஓடுபாதையிலிருந்து ஏறிய 258 ஆவது ஸ்குவாட்ரன் விமானமாகச் செய்ய யோசனை. மேலே டார்க் ஏர்த், டார்க் கிறீன், கீழே ஸ்கை. எயார்பிரஷ் 0.3 மி.மீ. டுவல் அக்ஷன், கொம்பிரசர் 3 லீற்றர் தாங்கியுள்ள ஏஎஸ்-186. இடம் வெள்ளவத்தை ஃபிளற், மூன்றாம் மாடி, கடற்பக்க யன்னல்.

இறக்குமதி மொடல் பெயின்ற் விலையைப் பார்த்தால் ஒரு போத்தலோடு நின்றுவிடத் தோன்றுகிறது. புத்தகக் கடை அக்ரிலிக் ட்யூபைத் தண்ணீரில் கரைத்து அடி என்கிறார் ஒருவர், பஞ்சிகாவத்தைக்குப் போய்க் கார் பெயின்ற் வாங்கு என்கிறார் இன்னொருவர். மலிவாகவும் ஒழுங்காகவும் முடிய எந்த வழி?

நொஸில்_வைத்தியர்

முதலில் கணக்கைப் பாருங்கள். 1/72 ஹரிக்கேனின் முழு வெளிப்பரப்பும் சுமார் 150 சதுர சென்ரிமீற்றர்தான். காய்ந்த படலம் 20 மைக்ரோன் என்று வைத்தால் அதன் கன அளவு 0.3 மி.லீ. போத்தல் பெயின்றில் திண்மம் கால் பங்கு என்று எடுத்தால் 1.2 மி.லீ. வேண்டும். அடிப்பதில் பாதி காற்றோடு போகும் என்று வைத்தாலும் 2.5 மி.லீ. போதும். டமியா என்ற ஜப்பான் மொடல் பெயின்றின் 10 மி.லீ. போத்தல் ஒன்றில் இப்படி நாலு விமானத்துக்கு நிறம் இருக்கிறது. உங்களுடையதில் மூன்று நிறம் என்பதால் ஒவ்வொரு போத்தலும் இன்னும் அதிக நாள் வரும்.

இனித் திரவப் பக்கம். ஒரு பங்கு பெயின்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு தின்னர், அதற்கு மேல் ஒவ்வொரு நிற மாற்றத்துக்கும் கழுவ 5 முதல் 10 மி.லீ. காசு கரைவது இங்கேதான். கம்பனியின் சின்னத் தின்னர்க் குப்பியை வைத்துக் கோப்பை கழுவினால் பெயின்றைவிட அதற்குத்தான் அதிகம் செலவாகும். ஆகவே எந்தப் பெயின்றையும் வாங்கமுதல் கேட்க வேண்டிய கேள்வி: இதைக் கரைக்கவும் கழுவவும் ஏற்ற திரவம் கொழும்பில் லீற்றர் கணக்கில் கிடைக்குமா?

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் உள்ளவை டமியா எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசையும் மிஸ்டர் ஹொபி அக்குவஸ் எச் வரிசையும். பெயர் அக்ரிலிக் என்றாலும் இரண்டும் அல்கஹோலுக்குக் கரைபவை, லக்கர் (கடும் கரைப்பானில் செய்த பெயின்ற்) தின்னருக்கும் கரைபவை. ஐசோபுரோபைல் அல்கஹோலை ஐந்து லீற்றர் கலனில்கூட வாங்கலாம்.

ட்யூப் அக்ரிலிக்கை விட்டுவிடுங்கள். அதன் நிறத்துகள் தூரிகைக்கு என்று அரைக்கப்பட்டது, 0.3 நொஸிலுக்கு அது மிகப் பருமன். நொஸிலுக்குள் போகுமளவு தண்ணீர் விட்டால் பசை ஐதாகி, மறைக்கும் திறனும் ஒட்டும் திறனும் சேர்ந்தே போகும். மாஸ்கிங் ரேப்பை உரிக்கும்போது தோல் தோலாக வரும்.

கோரல்_போத்தல்

மேலே சொன்ன அல்கஹோல் விஷயத்தில் ஒரு கவனம். பார்மசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் என்று வாங்கி வந்து விடாதீர்கள். பிரிட்டிஷ் ஃபார்மகோப்பியா முறைப்படி செய்ததில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்திருக்கும். காய்ந்த பிறகு மேலே எண்ணெய்ப் படலம் நிற்கும், அடுத்த பூச்சு அதில் பிடிக்காது. லேபிளில் ஐசோபுரோபைல் அல்கஹோல் என்றும் வீதம் எவ்வளவு என்றும் தெளிவாக இருக்க வேண்டும். கை சுத்திகரிப்பு ஜெல்லும் கூடாது, அதைக் கெட்டியாக்கப் போட்ட பொருளும் கிளிசரினும் பெயின்றுக்குள் வந்துவிடும்.

70 வீதமா 99 வீதமா என்று பலர் மண்டையை உடைப்பார்கள். கழுவுவதற்கு 99. கரைப்பதற்கு, எங்கள் வெக்கையில் 99 மிக வேகமாக உலர்கிறது, துளி பரப்பில் விழமுதலே தூளாகி மணல்தாள் மாதிரி நிற்கும். 99 இல் ஏழு பங்கு, வடிநீர் இரண்டு பங்கு, உலர்வதைத் தாமதிக்கும் டமியா அக்ரிலிக் ரிட்டார்டர் ஒரு பங்குக்குக் குறைவாக என்று கலந்து பாருங்கள். ரிட்டார்டர் கூடினால் மற்ற நாளும் விரல் ஒட்டும்.

தண்ணிப்பக்கம்

எல்லாருமே அல்கஹோல், தின்னர் எண்டு போறியள். மூண்டாம் மாடி ஃபிளற் எண்டு அவர் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினா? வல்லேஹோ மொடல் எயார் மாதிரித் தண்ணி அடிப்படைப் பெயின்றுதான் இதுக்குச் சரி. மணம் இல்லை, தண்ணியிலயே கழுவலாம். 71.323 டார்க் ஏர்த், 71.324 டார்க் கிறீன், ரெண்டும் நேரடியாவே இருக்கு, கலக்கத் தேவையில்லை.

இன்னொண்டு, வெளிநாட்டில இருந்து ஆரும் வரேக்க கொண்டுவரச் சொல்லுறதெண்டாலும் இதுதான் வழி. டமியா, மிஸ்டர் கலர் லக்கர் போத்தல்களில தீப்பற்றும் எண்டு குறி இருக்கும். விமானப் பயணப் பொதியிலயும் அதை விடமாட்டாங்கள், சர்வதேசத் தபாலும் எடுக்காது.

நொஸில்_வைத்தியர்

தபால் விஷயம் சரி. அதனால்தான் லக்கர் வகைகள் இங்கே கடைக்குக் கப்பலில் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. கண்ட இடத்தில் வெள்ளையும் கறுப்பும் ஒவ்வொன்று கூட எடுத்து வைப்பது புத்தி.

ஆனால் மொடல் எயாரை "நேரடியாக அடிக்கலாம்" என்று போத்தல் சொல்வதை 30 பாகை வெக்கையில் நம்ப வேண்டாம். ஊசி நுனியில் காய்ந்து, ஸ்பிரே ஒரு பக்கம் சாயும், பிறகு துப்பும். அதன் சொந்தத் தின்னரில் 20 முதல் 30 வீதம், ஃபுளோ இம்புரூவர் பத்துத் துளிக்கு ஒரு துளி, அழுத்தம் 15 முதல் 18 பிஎஸ்ஐ. பக்கத்தில் ஈரப் பஞ்சுக் குச்சி வைத்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஊசி நுனியைத் துடைக்க வேண்டும்.

முக்கியமானது: அதற்குள் அல்கஹோல் ஒரு துளியும் போகக் கூடாது. போனால் கோப்பைக்குள்ளேயே ரப்பராகும். இரண்டு வகையும் வைத்திருப்பவர்கள், அல்கஹோலில் கழுவிய எயார்பிரஷை வடிநீரால் அலசிய பிறகே வல்லேஹோ ஊற்ற வேண்டும். வல்லேஹோ அடித்த பிறகு கழுவும்போது ஒழுங்கு மறுபக்கம், முதலில் தண்ணீர், கடைசியில் அல்கஹோல்.

தண்ணிப்பக்கம்

வடிநீர் எண்டு பற்றரிக்கு விடுற தண்ணியைத்தானே சொல்லுறீங்க? ஒரு எச்சரிக்கை: பற்றரிக் கடையில அசிட் கலந்த போத்தலும் பக்கத்திலயே இருக்கும். லேபிளைப் பார்த்து எடுங்கோ.

பழைய_தகரம்

யாரும் எனமலை, அதாவது எண்ணெய் அடிப்படைப் பெயின்றைச் சொல்லவில்லையே! ஹம்பிரோல் 14 மி.லீ. தகரம், 29 டார்க் ஏர்த், 30 டார்க் கிறீன், 90 கீழ்ப்பக்கத்துக்கு. கரைக்க ஹார்ட்வெயாரில் எங்கும் கிடைக்கும் மினரல் ரேப்பன்ரைன். ஈரப்பதம் இதை ஒன்றும் செய்யாது, வெள்ளையாகப் பூக்காது, நொஸில் நுனியில் காயாது, கிட் பிளாஸ்ரிக்கான பாலிஸ்டைரீனை அரிக்காது. காய ஒரு நாள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோரல்_போத்தல்

தொழில்நுட்பமாகச் சரி. ஃபிளற்றில் அந்த ஒரு நாளும் ரேப்பன்ரைன் மணம் வீட்டுக்குள் நிற்குமே, அதுதான் சிக்கல். மொடலின் மேலே தூசி விழாமல் மூடிய பெட்டி ஒன்றில் காய வைப்பதுதான் வழி. எனமல் முழுதாக இறுகமுதல் மேலே லக்கர் தின்னர் கலந்த எதையும் அடித்தால் சுருங்கி எழும். லக்கர் அடியில், அக்ரிலிக் நடுவில், எனமல் மேலே என்ற ஒழுங்கில் போனால் வம்பில்லை. என்னைக் கேட்டால் எனமலை வாஷுக்கும் (கோடுகளில் ஓடவிடும் ஐதான கரும்பூச்சு) அழுக்குப் படுத்துவதற்கும் மட்டும் வைத்திருப்பேன்.

பஞ்சிகாவத்தைச்_சந்தி

கார் பெயின்ற் பகுதிக்கு வருகிறேன். கார் பெயின்ற் என்று மொத்தமாகச் சொல்வதில்தான் குழப்பம். கடையில் நாலு வகை இருக்கும், நாலும் நாலு மாதிரி.

முதலாவது, என்சி எனப்படும் நைட்ரோசெலுலோஸ் லக்கர். கறுப்பும் வெள்ளையும் மலிவு, நன்றாக அரைத்தது, எயார்பிரஷில் அருமையாகப் போகும். இரண்டு முதல் மூன்று பங்கு தின்னர், 15 பிஎஸ்ஐ. ஆனால் அதன் தின்னர் மிகக் கடுமையானது. ஈரமாக ஒரே தடவையில் அடித்தால் பிளாஸ்ரிக் மேற்பரப்பு கரைந்து சிலந்தி வலை போல வெடிக்கும். முதல் இரண்டு பூச்சும் புகை போல மட்டும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் விட்டு, மூன்றாவதில்தான் மூட வேண்டும்.

இரண்டாவது, வண் கே பேஸ்கோட், ஹார்ட்னர் கலக்காத நிறப் பூச்சு. கலர் மெஷினில் நிறைக் கணக்கில் கலந்து தருவார்கள். நிற அட்டையோ, முன்பே அடித்த ஒரு துண்டோ கொண்டுபோனால் பொருத்திப் பார்ப்பார்கள். மங்கலாகக் காயும், மேலே கிளியர் வேண்டும். ஒரே நிறத்தில் பத்துப் பேருந்து செய்பவருக்கு இலாபம். ஒரு ஹரிக்கேனுக்கு மூன்று நிறம் கலக்கச் சொல்வது வீண், குறைந்த அளவே உங்கள் ஆயுளுக்கும் போதும். மெற்றாலிக் கேட்கவே வேண்டாம், அதன் மினுக்கத் துகள் 1/72 இல் சரளைக்கல் போலத் தெரியும்.

மூன்றாவது, பிரைமர் சேர்ஃபேசர், அதாவது சாம்பல் நிற நிரப்பு. கீறலை மூடத்தான் அதைச் செய்திருக்கிறார்கள், உங்கள் பனல் கோடுகளையும் மூடும். 1/24 காருக்கு நைலோன் துணியில் வடித்து 0.5 நொஸிலில் அடிக்கலாம். 1/72 க்கு மொடலுக்கென்றே செய்த மிஸ்டர் சேர்ஃபேசர் 1200 அல்லது 1500 தான். வேறு வழியில்லை என்றால் சாம்பல் பேஸ்கோட்டையே பிரைமராக மெல்லியதாக அடியுங்கள். பம்பருக்கு விற்கும் நிறமற்ற "பிளாஸ்ரிக் பிரைமர்" பொலிபுரோப்பிலீனுக்கு உரியது. கிட் பிளாஸ்ரிக்குக்கு அது தேவையில்லை, அரிக்கவும் கூடும்.

நாலாவது, ரூ கே, ஹார்ட்னர் கலப்பது. வீட்டில் வேண்டாம். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேற் இருக்கிறது, ஒரு முறை ஒவ்வாமை பிடித்தால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சிழுக்கும். கராஜ்காரர் வெறும் கைக்குட்டை கட்டி அடிக்கிறாரே என்பது வாதமல்ல.

அரைவாசிக்_கிட்

என்சி தின்னரையே டமியாவுக்கும் விடலாமா? ஆமர் வீதியிலும் பழைய சோனகத் தெருவிலும் விசாரித்ததில் அது அல்கஹோலைவிட மலிவாக இருக்கிறது.

பஞ்சிகாவத்தைச்_சந்தி

விடலாம், ஆனால் ஒவ்வொரு கலனையும் சோதித்த பிறகுதான். என்சி தின்னர் என்பது ஒரு பொருளல்ல, தொலுயீனும் வேறு பல கரைப்பான்களும் தயாரிப்பவர் விருப்பப்படி கலந்தது. ஒரே கடையில் அடுத்த மாதம் வாங்குவது வேறு மாதிரி இருக்கும்.

சோதனை இரண்டு. சின்னக் கண்ணாடிக் குப்பியில் பத்துத் துளி பெயின்ற், இருபது துளி தின்னர் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். குப்பியைச் சாய்த்தால் சுவரில் பால் போல ஒரே சீராக வழிய வேண்டும். கட்டி, நூல், அடியில் பிரிந்த தெளிந்த படை, எது தெரிந்தாலும் அந்தத் தின்னர் கழுவ மட்டும்.

மற்றது பிளாஸ்ரிக்குக்கு. யோகட் கப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பாலிஸ்டைரீன், உங்கள் கிட்டின் அதே குடும்பம். அதைச் சவர்க்காரத்தில் கழுவிக் காயவிட்டு, பக்கச் சுவரில் ஒரு துளி தின்னரை வைத்து முப்பது விநாடியில் துடையுங்கள். மினுக்கம் போய் மங்கியிருந்தால் மெல்லிய புகைப் பூச்சுக்குத் தாங்கும். நகத்தால் உரசும்போது இளகி வந்தாலோ, வளைக்க வெடித்தாலோ பிளாஸ்ரிக்கின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கப்பின் சுவர் கிட்டை விட மெல்லியது, அதனால் இது கடுமையான சோதனைதான், அது நல்லதே. 5 என்று போட்ட கப் பொலிபுரோப்பிலீன், அதில் எதுவும் நடக்காது, பார்த்து ஏமாற வேண்டாம்.

எயார்பிரஷுக்குள் கறுப்பு ரப்பர் வளையம் இருந்தால் லக்கர் தின்னரில் ஊற வைக்கக் கூடாது, ஊதிப்போகும். வெள்ளை ரெஃப்லோன் வளையம் என்றால் பயமில்லை.

நொஸில்_வைத்தியர்

முகப்பு வேலைக்கு, அதாவது கமஃப்ளாஜ் நிறங்களுக்கு, மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் 400 மி.லீ. ஒன்று வாங்கி வைத்தால் அதுவே கடைசியில் மலிவு. அதில் ரிட்டார்டர் சேர்ந்தே இருக்கிறது. டமியாவும் அக்குவஸும் அதில் வழுவழுப்பாகப் படியும். அதைக் கரைக்க மட்டும் எடுங்கள், கழுவுவது என்சி தின்னரில். ஒன்றை மற்றதின் வேலைக்கு எடுத்தால்தான் செலவு ஏறும்.

உங்கள் ஹரிக்கேனுக்கு டார்க் ஏர்த், டார்க் கிறீன், ஸ்கை என்ற வரிசையில் டமியா எக்ஸ்எஃப்-52, எக்ஸ்எஃப்-81, எக்ஸ்எஃப்-21. அக்குவஸ் கிடைத்தால் எச்-72, எச்-73, எச்-74. கலந்தெடுக்க எக்ஸ்எஃப்-1 கறுப்பும் எக்ஸ்எஃப்-2 வெள்ளையும். அதற்கு மேல் வேண்டாம். லெவலிங் தின்னரில் ஒன்றுக்கு ஒன்றரை, 12 முதல் 15 பிஎஸ்ஐ, 5 சென்ரிமீற்றர் தூரம். மங்கல் நிறங்களின் மங்கலூட்டி அடியில் படிந்துவிடும். போத்தலைக் குலுக்காமல் குச்சியால் அடியைச் சுரண்டிக் கலக்குங்கள். குலுக்கினால் மூடி விளிம்பில் ஏறி ஒட்டி, அடுத்த முறை குறடு தேட வேண்டி வரும்.

மழைக்கால_மொடலர்

எல்லாரும் பெயின்றையே பார்க்கிறீர்கள். வெள்ளவத்தைக் கடற்பக்க யன்னல் என்று அவர் எழுதியதை வாசித்தீர்களா? அங்கே ஈரப்பதம் 80 வீதம் சாதாரணம். அந்தக் காற்றை அதே வெப்பத்தில் 1.25 மடங்கு அழுத்தினாலே பனிநிலைக்கு வந்துவிடும். ஏஎஸ்-186 தாங்கிக்குள் ஐந்து மடங்கு அளவில் அழுத்துகிறது. 30 பாகையில் ஒரு கன மீற்றர் காற்றில் 24 கிராம் நீராவி. பம்ப் ஒரு மணித்தியாலம் தொடர்ந்து ஓடினால் கணக்குப்படி 20 மி.லீ. தண்ணீருக்கு மேல் எங்காவது ஒதுங்க வேண்டும். ஒதுங்கும் இடம் தாங்கி, குழாய், அல்லது உங்கள் ஹரிக்கேனின் இறக்கை.

கொம்பிரசரோடு வரும் ஈரப்பொறி மட்டும் போதாது. காற்று சூடாக இருக்கும்போது ஆவியாகவே அதைத் தாண்டிப் போய், குழாயில் குளிர்ந்த பிறகு துளியாகிறது. மூன்று மீற்றர் குழாய் போட்டு, எயார்பிரஷுக்குக் கிட்ட இன்னொரு சின்னப் பொறி பூட்டுங்கள். வேலை முடிந்ததும் தாங்கியின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை விடுங்கள், மறந்தால் உள்ளே துருப்பிடிக்கும்.

லக்கர் அடிக்கும்போது வெள்ளையாகப் பூப்பது வேறு கதை. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து அறைக் காற்றின் ஈரம் படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. பினிஷிங் போனது என்று உரிக்க வேண்டாம். லெவலிங் தின்னரை மட்டும் மெல்லிய புகையாக அடித்தால் படலம் திரும்ப இளகி ஈரம் வெளியேறும். ஒக்ரோபர், நவம்பர் பின்னேர இடிமழை நேரம் லக்கரைத் தொடாமல், காலை பத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் முடித்துவிடுங்கள். குளிரூட்டி உள்ள அறையென்றால் அரை மணி நேரம் ஓடவிட்டு ஈரத்தை இறக்கிவிட்டு, அடிக்கும்போது நிறுத்தி யன்னலைத் திறவுங்கள்.

அரைவாசிக்_கிட்

டெக்கலுக்குமுன் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) குளோஸ் எது? கார் கிளியர் சரிவருமா?

கோரல்_போத்தல்

டமியா எக்ஸ்-22 கிளியரை லெவலிங் தின்னரில் ஒன்றுக்கு ஒன்று, இரண்டு மெல்லிய பூச்சு, ஒரு நாள் விடுங்கள். கார் அக்ரிலிக் கிளியர் கண்ணாடி மாதிரி வரும், ஆனால் அடியிலுள்ள டமியாவை இளக்கி ஓடவைக்கலாம், அதனால் புகைப் பூச்சில் தொடங்க வேண்டும். டெக்கல் ஒட்டிய பிறகு அதை ஈரமாக அடித்தால் டெக்கல் சுருளும். கடைசி மங்கலுக்கு எக்ஸ்எஃப்-86 மங்கல் கிளியர். எக்ஸ்-21 மங்கலூட்டி மட்டும்தான், அதை எக்ஸ்-22 இல் கலந்துதான் அடிப்பது. கூடினால் விமானத்தில் பூஞ்சணம் பிடித்த மாதிரி வெள்ளை படரும்.

தண்ணிப்பக்கம்

சரி, லக்கர்காரர் வெண்டுட்டினம். அப்ப முகமூடியையும் ஒழுங்காச் சொல்லிவிடுங்கோ. கொவிட் நேரத்து என்95 தூளை மட்டுந்தான் மறிக்கும், ஆவியை மறிக்காது.

மழைக்கால_மொடலர்

ஆமாம். கபிலப் பட்டி போட்ட ஏ வகைச் சேதன ஆவி வடியும் முன்னால் தூசு வடியும் சேர்ந்த அரைமுகமூடி. மணம் உள்ளே தெரிந்த அன்றே வடியை மாற்றுங்கள். பாவிக்காத நேரம் இறுக்கிய பையில் வையுங்கள், திறந்து கிடந்தால் அறைக் காற்றிலேயே நிரம்பிவிடும். யன்னலில் சமையலறை எக்ஸோஸ்ற் பூட்டுவோர், மோட்டார் ஆவி போகும் பாதையில் இல்லாத மாதிரிப் பூட்ட வேண்டும், தீப்பொறிக்கு அது போதும். கடற்காற்று உள்ளே அடிக்கும் நேரம் எந்த ஃபானும் தோற்றுப்போகும். அப்போது எதிர்ப்பக்க யன்னலுக்கு மாறுங்கள்.

பஞ்சிகாவத்தைச்_சந்தி

கழிவுத் தின்னரை சிங்கில் ஊற்ற வேண்டாம். பீவிசி குழாய் ஒட்டு இளகுவதோடு, கீழ் மாடிக்காரருக்கும் மணம் போகும். ஜாம் போத்தலில் சேர்த்து மூடி வையுங்கள். ஒரு கிழமையில் நிறம் அடியில் படிந்து மேலே தெளிந்து நிற்கும். அந்தத் தெளிவை மெதுவாக வேறு போத்தலுக்கு ஊற்றினால் கோப்பையின் முதல் அலசலுக்கு அதுவே போதும், புதுத் தின்னர் கடைசி அலசலுக்கு மட்டும். அடிச் சேற்றைப் பழைய பத்திரிகையில் பரப்பி வெளியே முழுதாகக் காயவிட்ட பிறகுதான் குப்பையில் போடலாம். வல்லேஹோ கழுவிய தண்ணீரை இதே போத்தலில் சேர்த்துவிடாதீர்கள், முழுவதும் தயிராகும்.